ஸ்கேன் எல்லாம் எக்ஸ்ரே அல்ல

பணியக் கணக்கில் ஒரு தங்கச்சி. இரண்டாவது பிள்ளை, ஏழாம் மாதம். கிளினிக்கில் ஸ்கேன் எடுத்து வரச்சொல்லித் துண்டு கொடுத்தார்கள். போகவில்லை. அடுத்த கிளினிக்கிலும் கொடுத்தார்கள், அப்போதும் போகவில்லை. என்ன விசயம் என்று கேட்க நான் லயத்துக்குப் போனேன். மாமியார்தான் வாசலுக்கு வந்தார்.

"ஐயா, எக்ஸ்ரே வெளிச்சம் வயித்துப் புள்ளைக்கு ஆகாதுன்னு டொக்டர்மாரே சொல்றாங்க. அப்புறம் எதுக்கு அதே மிசின்ல போய்ப் படுக்கச் சொல்றாங்க?"

அந்த அம்மா கேட்டதில் பாதி சரி. எக்ஸ்ரே விசயத்தில் கர்ப்பிணிகள் கவனமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிற ஸ்கேன் அதே மிசின் அல்ல. அதில் வெளிச்சமும் இல்லை, கதிரும் இல்லை. வெறும் சத்தம்தான். இதை விளங்கப்படுத்த எனக்கு அன்றைக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. மற்ற லயங்களிலும் இதே பயம் இருக்கும் என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எக்ஸ்ரே. இருட்டில் டோர்ச் லைட்டை உள்ளங்கையால் பொத்திப் பாருங்கள். விரல் ஓரமெல்லாம் சிவப்பாகத் தெரியும். கொஞ்ச வெளிச்சம் சதையைக் கடந்து வருகிறது என்று அர்த்தம். எக்ஸ்ரேயும் வெளிச்சத்தின் இனம்தான். கண்ணுக்குத் தெரியாது, சக்தி மட்டும் பல்லாயிரம் மடங்கு அதிகம். காற்றில்லாத ஒரு குழாய்க்குள் 50,000 வோல்ட்டுக்கும் மேலே மின்சாரம் கொடுத்து, இலத்திரன்களை வேகமாக ஓடவிட்டு, டங்ஸ்டன் உலோகத்தில் மோதவிடுகிறார்கள். (பழைய குண்டு பல்புக்குள் இருக்கும் கம்பியும் டங்ஸ்டன்தான்.) அந்த மோதலில் இந்தக் கதிர் பிறக்கிறது.

கதிர் நம் உடம்புக்குள் போகும்போது சதையை ஓரளவு கடந்துவிடும். எலும்பில் கல்சியம் இருப்பதால் அங்கே பெரும்பகுதி நின்றுவிடும். நெஞ்சுக்குள் காற்று நிறைந்த இடத்தில் தடையே இல்லாத மாதிரிப் போய்விடும். மறுபக்கம் வந்து சேருகிற கதிர்தான் படத்தைக் கறுப்பாக்குகிறது. ஆகவே எலும்பு வெள்ளை, காற்று கறுப்பு. எக்ஸ்ரே படம் என்பது உண்மையில் ஒரு நிழல். நல்ல நுரையீரல் கறுப்பாக இருக்கும். சயரோகம் வந்த இடத்தில் காற்றுக்குப் பதிலாகச் சளியும் புண்ணும் இருப்பதால் வெள்ளைத் திட்டாகத் தெரியும். அதை மட்டும் வைத்து நோயை முடிவு செய்யமாட்டார்கள், சளியையும் சோதிப்பார்கள். அதனால்தான் இருமலுக்குப் போனவர்களிடம் இரண்டும் கேட்கிறார்கள்.

இந்தக் கதிரைக் கண்டுபிடித்தவர் ஜேர்மனியில் வூர்ஸ்பேர்க் நகரில் இருந்த றொன்ஜன் என்ற பேராசிரியர். 1895 நவம்பர் 8ஆம் திகதி. என்ன கதிர் என்று அவருக்கே தெரியாததால் 'எக்ஸ்' என்று பெயர் வைத்தார். அடுத்த மாதம் தன் மனைவியின் கையைப் படம் பிடித்தார். விரல் எலும்புகளோடு மோதிரமும் பளிச்சென்று விழுந்தது.

அந்த மோதிரக் கதைதான் நம்முடைய தாலிக் கதையும். நெஞ்சு எக்ஸ்ரேக்குத் தாலியைக் கழற்றச் சொன்னால் நம் பெண்களுக்கு மனம் கலங்கிப் போகிறது. கண் கலங்கி எக்ஸ்ரே எடுக்காமலே திரும்பி வந்தவர்களையும் எனக்குத் தெரியும். யாரும் மரியாதையில்லாமல் கேட்பதல்ல. பொன் கதிரை அப்படியே மறித்துவிடும். தாலிப் பொட்டு விழுகிற இடத்தில் நோய் இருந்தால் டொக்டருக்குத் தெரியாது. கயிறு பிரச்சினையில்லை. மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு, பொன்னை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நம் பாட்டிமார் காலத்திலிருந்து உள்ள வழக்கம்தானே இது.

இந்தக் கதிர் உடம்பின் அணுக்களிலிருந்து இலத்திரனைத் தட்டிவிடக்கூடியது. அளவுக்கு மிஞ்சினால் கெடுதி. வளர்கிற கருவுக்கு இன்னும் கூடுதலான கவனம் தேவை. ஆனால் ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் படுகிற கதிர், மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சும்மா இருக்கும்போதே நமக்குப் பத்து நாளில் வந்து சேருகிற அளவுதான். நாள் தள்ளிப்போயிருந்தால், சந்தேகமாக இருந்தாலும் சரி, எக்ஸ்ரே எடுக்கிறவரிடம் முதலே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் எடுத்துவிட்டோமே என்று பயந்து கருவைக் கலைக்கிற யோசனைக்குப் போகவேண்டாம். நெஞ்சுக்கு எடுக்கும்போது கர்ப்பப்பைக்குப் போய்ச் சேருவது மிக மிகச் சொற்பம். டொக்டரிடம் கேளுங்கள்.

இனி அந்த மாமியார் பயந்த ஸ்கேன். மலையில் நின்று எதிர் மலையைப் பார்த்துக் கூப்பிட்டால் நம் குரல் திரும்பி வரும் அல்லவா? சத்தம் காற்றில் ஒரு செக்கனுக்குச் சுமார் 340 மீற்றர் போகும். ஒரு செக்கனில் எதிரொலி வந்தால், போக அரை செக்கன், வர அரை செக்கன். எதிர் மலை 170 மீற்றர் தூரத்தில் இருக்கிறது. ஸ்கேன் செய்வது இந்தக் கணக்கைத்தான்.

வயிற்றில் வைத்து உருட்டுகிற அந்தக் கைப்பிடிக்குள் ஒரு வகைப் படிகம் இருக்கிறது. மின்சாரம் கொடுத்தால் அது அதிரும். எதிரொலி வந்து மோதினால் அதுவே மின்சாரம் கொடுக்கும். ஆகவே வாயும் அதுதான், காதும் அதுதான். நம் காதுக்கு ஒரு செக்கனில் 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். இது பல இலட்சம் தடவை அதிர்வதால் நமக்கு ஒன்றும் கேட்காது. உடம்புக்குள் சத்தம் செக்கனுக்குச் சுமார் 1,540 மீற்றர் ஓடும். பிள்ளையின் தலை, முதுகெலும்பு, நஞ்சு என்று ஒவ்வொன்றிலும் பட்டு எப்போது திரும்பியது, எவ்வளவு பலமாகத் திரும்பியது என்று பார்த்துக் கம்ப்யூட்டர் படம் போடுகிறது.

பசை எதற்குப் பூசுகிறார்கள் என்று கேட்பீர்கள். தோலுக்கும் கருவிக்கும் நடுவில் கொஞ்சம் காற்று இருந்தாலும் சத்தம் அங்கேயே திரும்பிவிடும், உள்ளே போகாது. சில வேளை தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு வரச்சொல்வதும் இதற்காகத்தான். குடலில் இருக்கும் காற்று மறைக்கும். நிறைந்த சிறுநீர்ப்பை குடலைத் தள்ளிவிட்டு ஒரு ஜன்னல் மாதிரி நிற்கும். மலையேறி இறங்கி பஸ்ஸில் குலுங்கிப் போகிறவர்களுக்கு இது பெரிய கரைச்சல்தான், தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபிறகு குடித்தால் போதுமா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த முறையை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஸ்கொட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து டொக்டர் இயன் டொனால்ட். இரும்பில் உள்வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் கருவியை நோயாளிகளில் வைத்துப் பார்த்தார். 1958இல் அதைப்பற்றி எழுதினார். பொயிலர் பார்க்கிற நம் பெக்டரி ஆட்களுக்கு இது பிடிக்கும்.

அந்தத் தங்கச்சி மூன்றாம் துண்டுக்குப் போனார். நஞ்சு கீழே இறங்கி, பிள்ளை வருகிற வழியை மூடியிருப்பது தெரிந்தது. முதலே பெரிய ஆஸ்பத்திரியில் அனுமதித்து, ஒப்பரேசன் செய்து தாயையும் பிள்ளையையும் காப்பாற்றினார்கள்.

சீ.டி. ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது. பெயர் ஸ்கேன், வேலை எக்ஸ்ரே. குழாய் உடம்பைச் சுற்றிவந்து பாண் வெட்டுகிற மாதிரித் துண்டு துண்டாகப் படம் எடுக்கும். கதிர் சாதாரண எக்ஸ்ரேயை விடப் பல பத்து மடங்கு. இதற்கும் கர்ப்பமானால் சொல்லவேண்டும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் எக்ஸ்ரே கதிர் இல்லை. பெரிய காந்தம், அதோடு ரேடியோ அலை. நம் உடம்புத் தண்ணீரில் உள்ள ஐதரசனை அசைத்து, அது திருப்பி அனுப்பும் சைகையைப் பிடிக்கிறது. காந்தத்தின் பலம் பூமியின் காந்தத்தைப் போல ஏறக்குறைய 30,000 மடங்கு. படம் எடுக்காத நேரத்திலும் அது வேலை செய்துகொண்டே இருக்கும், இரும்பைக் கண்டால் இழுத்துவிடும். தோடு, கொலுசு, ஊக்கு எல்லாம் வெளியே. உடம்புக்குள் ஆணி, பிளேட், இருதய மிசின் வைத்தவர்கள் கட்டாயம் சொல்லவேண்டும். பெக்டரியில் கண்ணில் இரும்புத்தூள் பட்டவர்களும் சொல்லவேண்டும், அது எத்தனை வருசத்துக்கு முன் நடந்ததாக இருந்தாலும். உள்ளே தகரத்தைத் தட்டுகிற மாதிரிச் சத்தம் கேட்கும், பயந்து எழும்பவேண்டாம். அசைந்தால் படம் கலங்கிவிடும், திரும்பவும் எடுக்கவேண்டி வரும்.

இன்னொன்று. பழைய எக்ஸ்ரே பிலிம்களைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்கிறீர்கள், கிரகணம் பார்க்கவும் எடுக்கிறீர்கள். கிரகணத்துக்கு அது கண்ணைக் காக்காது. உறையில் போட்டு, அடுப்புச் சூடு படாத இடத்தில் வைத்து, அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். போன வருசத்து நிழலையும் இந்த வருசத்து நிழலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் டொக்டர் நோய் குறைந்ததா கூடியதா என்று பார்ப்பார்.