ரயில் பெட்டிக்குள் எவ்வளவு ஈயம்?

ரயில் பெட்டியின் கூடுதான் இரும்பு. பயணியின் கையும் காலும் படுகிற இடமெல்லாம் பெரும்பாலும் பிளாஸ்டிக்கும் பெயின்ட்டும்தான். தரையில் பிவிசி விரிப்பு, சுவரில் கண்ணாடியிழைப் பலகை, பெர்த்தின் மேல் ரெக்சின், அவற்றுக்குப் பின்னால் ஒயர்களும் பசைகளும். கன உலோகங்கள் இந்தப் பொருள்களுக்குள் கவனக்குறைவால் நுழைந்தவை அல்ல; ஒவ்வொன்றும் ஒரு வேலைக்காகவே சேர்க்கப்பட்டது. சூட்டில் பிவிசி சிதையாமல் ஈயச் சேர்மம் காத்தது. வெயிலுக்கும் வெளுக்காத மஞ்சளையும் சிவப்பையும் காட்மியம் தந்தது. லெட் குரோமேட் என்ற பளிச்சிடும் மஞ்சள் நிறமியில் ஈயத்தோடு குரோமியமும் சேர்ந்தே இருக்கிறது. துத்தநாக முலாம் பூசிய திருகுகள் துருப்பிடிக்காதிருக்கக் குரோமேட் பூச்சு, டியூப் லைட்டுக்குள் பாதரசம். எல்லாம் மலிவு, வேலையில் குறையில்லை. அதனால்தான் இவற்றை விலக்க இத்தனை காலம் பிடித்தது.

கேடு எது என்பதில் இன்று ஐயமில்லை. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரை போகலாம் என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவு எதுவும் அறியப்படவில்லை. காட்மியம் சிறுநீரகத்தில் தங்கும். குரோமியத்தில் மட்டும் வடிவம் பார்க்க வேண்டும். குரோமியம்-3 பெரிய தொல்லை தராது. குரோமியம்-6 மூச்சோடு உள்ளே போனால் நுரையீரல் புற்றுநோய் வரலாம்.

சட்டத்தின் நிலைதான் விசித்திரம். மின், மின்னணுச் சாதனங்களில் நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஸ் ஆணை (2011/65) உலகம் முழுக்க அளவுகோலாகிவிட்டது: ஈயம், பாதரசம், குரோமியம்-6 ஆகியவற்றுக்கு எடையில் 0.1 சதவீதம், காட்மியத்துக்கு 0.01 சதவீதம். ஆனால் ஆட்களையும் சரக்கையும் ஏற்றிச் செல்லும் வாகனங்களுக்கு அந்த ஆணையே விலக்கு அளிக்கிறது. கார்களுக்கென்று 2000இல் வந்த தனி ஆணையோ ரயிலைத் தொடவில்லை. ஆகவே ரயில் பெட்டிக்குப் பொருந்துவது முக்கியமாக ரீச் என்னும் பொது வேதிப்பொருள் சட்டமும், வாங்குகிற ரயில்வே ஒப்பந்தத்தில் எழுதும் நிபந்தனைகளும். சீன ரயில்வே வேறு வழியில் போயிற்று. பெட்டியின் உட்புறப் பொருள்களுக்கும் உள்காற்றுக்கும் நச்சு வரம்பு வகுத்து, டிபி/டி 3139 என்ற தனித் தரநிலையை 2006இல் வெளியிட்டது. 2021இல் அதைத் திருத்தியது.

சோதனையின் முதல் கேள்வி கருவியைப் பற்றியதே அல்ல. எதை எடைபோடுவது என்பதுதான் கேள்வி. ஒரு கிலோ எடையுள்ள பலகையில் 5 கிராம் பெயின்ட் இருப்பதாகவும், அந்தப் பெயின்ட்டில் பத்து சதவீதம் ஈயம் என்றும் வைத்துக்கொள்வோம். முழுப் பலகையையும் அரைத்துச் சோதித்தால் ஈயம் சுமார் 0.05 சதவீதம்; தேர்ச்சி. பெயின்ட்டை மட்டும் சுரண்டிச் சோதித்தால் ரோஸின் 0.1 சதவீத வரம்பைப் போல் நூறு மடங்கு. இந்த ஏமாற்றுக்கு இடம் தராமல், இயந்திர வழியில் மேற்கொண்டு பிரிக்க முடியாத ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும் என்று ரோஸ் விதிக்கிறது. ஒரே இருக்கையில் துணி, நுரை, பசை, திருகு, திருகின் முலாம் என்று மாதிரிகள் பெருகுவது இதனால்தான்.

முதல் சல்லடை எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி. கைத்துப்பாக்கி போன்ற அதைப் பொருளின் மேல் வைத்து அழுத்தினால் எக்ஸ்-கதிர் பாய்ந்து அணுவின் உள்வட்ட எலக்ட்ரானைத் தட்டிவிடும். காலியிடம் நிரம்பும்போது ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிர் வீசும். பொருளைச் சிதைக்காமல் சில நிமிடங்களில் விடை வந்துவிடுகிறது. குறைகளும் உண்டு. ஈயத்தின் ஒரு முக்கியக் கோடும் ஆர்செனிக்கின் ஒரு கோடும் கிட்டத்தட்ட ஒரே ஆற்றலில், 10.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் விழுவதால் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடலாம். மெல்லிய பூச்சை ஊடுருவி அடியில் உள்ள தகட்டையும் கருவி சேர்த்தே படிக்கும். மொத்தக் குரோமியத்தைச் சொல்லுமே தவிர, அது 3ஆ 6ஆ என்று சொல்லாது.

சந்தேகம் எழுந்த மாதிரி ஆய்வகத்துக்குப் போகிறது. வளையும் பிளாஸ்டிக்கைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து நொறுக்குகிறார்கள். தூளை மூடிய கலனில் அமிலத்தோடு நுண்ணலை அடுப்பில் கரைக்கிறார்கள். கலன் திறந்திருந்தால் பாதரசம் ஆவியாகிப் போய்விடும். கரைசலை ஆர்கான் பிளாஸ்மாவில் தெளித்து உலோகங்களை அளக்கிறார்கள். குரோமியம்-6க்கு இந்த வழி உதவாது, ஏனெனில் கடும் அமிலத்தில் அது குரோமியம்-3 ஆக மாறிவிடக்கூடும். பிளாஸ்டிக்கிலிருந்து அதைக் காரக் கரைசலில் பிரித்து, டைஃபினைல்கார்பசைடு சேர்க்கிறார்கள். ஊதா கலந்த சிவப்பு நிறம் தோன்றினால் இருக்கிறது என்று பொருள். நிறத்தின் அடர்த்தி அளவைக் காட்டும்.

மொத்தம் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. எவ்வளவு வெளியே வரும் என்பது வேறு. பிவிசி தரை விரிப்புக்கான சீனத் தரநிலை, கரைந்து வரக்கூடிய ஈயத்துக்குச் சதுர மீட்டருக்கு 20 மில்லிகிராம் என்று வரம்பிட்டது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 37 டிகிரி வெப்பத்தில் ஊறவைத்துப் பார்ப்பது பொம்மைச் சோதனையில் வழக்கம்; அது வயிற்றுக்குள் நடப்பதன் நகல். பயணியின் பார்வையில் இந்தக் கேள்வியே நியாயமானது. பிளாஸ்டிக்குக்குள் கட்டுண்ட ஈயம் இருக்கையில் உட்கார்ந்திருப்பவரை அவ்வளவாகத் தொடாது.

ஆனால் பெட்டியைத் தேய்ப்பவருக்கு மொத்த அளவுதான் முக்கியம். நெதர்லாந்தின் டில்பர்க் நகரில் 2004 முதல் 2012 வரை, அரசு உதவித்தொகை பெற்ற வேலையற்றோரைக் கொண்டு அருங்காட்சியக ரயில்களைப் புதுப்பித்தார்கள். பழைய பெயின்ட்டைச் சுரண்டித் தேய்த்தவர்கள் நூற்றுக்கணக்கானோர். அந்தப் பெயின்ட்டில் குரோமியம்-6 இருந்தது பின்னர் வெளிவந்தது. விசாரணை முடிந்து 2019இல் நகராட்சி இழப்பீடு அளித்தது. பூசும்போது யாரும் கணக்கில் எடுக்காத பூச்சு, பல பத்தாண்டுகள் கழித்துத் தூளாகி மூச்சில் கலந்தது.

இந்தியாவில் பழைய ஐசிஎஃப் வகைப் பெட்டிக்கு ஆயுள் 25 ஆண்டு, எல்எச்பி பெட்டிக்கு 35 ஆண்டு. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் இன்று ஒட்டப்படும் விரிப்பின் கீழ்ப்பசை வரை பின்னாளில் யாரோ ஒரு பணிமனைத் தொழிலாளி பிரித்தெடுக்க வேண்டியிருக்கும். பெயின்ட்டில் ஈயத்தை 90 பிபிஎம்மாகக் கட்டுப்படுத்தும் 2016ஆம் ஆண்டு மத்திய விதி வீட்டு, அலங்காரப் பெயின்ட்டுகளுக்கு மட்டுமே. தொழிற்சாலைப் பூச்சுகள் அதற்குள் வருவதில்லை. எனவே கொள்முதல் ஆவணத்தில் எழுதப்படும் வரம்புக்குத்தான் இங்கே கனம் அதிகம்.

புதிதாக ஒரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. பிவிசியில் ஈயத்துக்கு 0.1 சதவீத வரம்பை ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் விதித்தது. ஆயினும் பழைய ஜன்னல் சட்டங்களை உருக்கிச் செய்யும் சில மறுசுழற்சிப் பொருள்களில் 1.5 சதவீதம் வரை சில ஆண்டுகளுக்கு அனுமதி உண்டு. மறுசுழற்சிப் பிளாஸ்டிக் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் ஈயத்தின் அளவு மாறும். ஒரு மாதிரிக்கு ஒருமுறை வாங்கிய சான்றிதழை வைத்து அடுத்த லாட்டை ஏற்க முடியாது. ஒவ்வொரு லாட்டையும் சோதித்தாக வேண்டும்.