முதுகில் ஒரு 'டூப்' கரையான்... புற்றுக்குள் குடியேறிய வண்டு!

கரையான் புற்றுக்குள் வெளியாள் நுழைந்தால் உயிரோடு திரும்புவது கஷ்டம். ஆனால், ஒரு வண்டு அங்கே ஜாலியாகக் குடியிருக்கிறது. எப்படி? கரையான் வேஷம் போட்டுத்தான்!

ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் கிடைத்த இதன் பெயர் 'ஆஸ்ட்ரோஸ்பிராக்தா கரிஜோய்'. 2023-ல் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. 60,000-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட 'ரோவ்' வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது.

இதன் வயிறு பலூன் மாதிரி உப்பி, முதுகுக்கு மேல் மடிந்து கிடக்கிறது. மேலிருந்து பார்த்தால் அச்சு அசல் கரையான். கால், உணர்கொம்பு போலவே 3 ஜோடி போலி உறுப்புகள் வேறு!

கரையான் கூட்டத்தில் வேலைக்காரக் கரையான்களுக்குப் பெரும்பாலும் கண் தெரியாதே, பிறகு எதற்கு இந்த வேஷம்? அவை தொட்டும் முகர்ந்தும்தான் 'நம்ம ஆளா' என்று கண்டுபிடிக்கும். அதனால், தடவிப் பார்த்தாலும் கரையான் மாதிரியே இருக்க வேண்டும். புற்றில் வாழும் வேறு சில வண்டுகள் கரையானின் வாசனையையும் காப்பியடிக்கின்றன.

சாப்பாடு? கரையான்கள் ஒன்றுக்கொன்று வாயோடு வாய் ஊட்டிக்கொள்ளும். கரிஜோய் வண்டின் வாய் மிகச் சிறியது. அதனால், கரையான்களே இதற்கும் ஊட்டிவிடுகின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இதனால்தான் புதிய வண்டுக்குப் பெயர் வைத்தால் மட்டும் போதாது. எந்தக் கரையானோடு வாழ்கிறது என்பதும் தெரிய வேண்டும். அந்தக் கரையான் அழிந்தால், வண்டுக்கு வீடும் போச்சு, சாப்பாடும் போச்சு. காப்பாற்றுவதென்றால் இரண்டையும் சேர்த்தே காப்பாற்றணும்.