உங்களுக்குத் தெரியுமா? பத்துக்குள்ளே பதினெட்டு!

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் 'பிக் டென்' என்று ஒரு கான்ஃபரன்ஸ், அதாவது தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டணி. பெயரிலேயே பத்து இருக்கிறது. உள்ளே போய் அணிகளை எண்ணிப் பாருங்கள். 18!

(ஃபுட்பால் என்றதும் மெஸ்ஸியை நினைத்துவிடாதீர்கள். இது ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதுகிற ரகம்!)

'பிக் 12' கதை இன்னும் கூத்து. 2011 முதல் 2013 வரை மூன்று சீசன்கள் பிக் டென்னில் 12 அணிகள். பிக் 12இல் 10 அணிகள்! பெயர்ப் பலகையை மாற்றி மாட்டியிருந்தாலே கணக்கு நேராகியிருக்கும். யாருமே மாட்டவில்லை! இன்றைக்கு பிக் 12இல் இருப்பது 16!

1990இல் பென் ஸ்டேட் வந்து சேர, பிக் டென் 11 ஆனது. பெயரை மாற்ற மனசு வரவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? லோகோவில் எழுத்துகளுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தில் '11' என்ற எண்ணை ஒளித்துவைத்தார்கள்! பழைய லோகோ கிடைத்தால் உற்றுப் பாருங்கள். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அது மட்டும்தான் தெரியும்!

அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ். 2024 முதல் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் இதில் உறுப்பினர்கள். இரண்டும் கலிபோர்னியாக் கல்லூரிகள். அதாவது பசிபிக் பக்கம்! அட்லாண்டிக் கடலுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு கண்டமே கிடக்கிறது!

சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலையும் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸும் இப்போது ஒரே கான்ஃபரன்ஸ், பிக் டென். நடுவே சுமார் 3,800 கி.மீ. நம்ம ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் கன்னியாகுமரியில் கிளம்பி கத்ரா போய்ச் சேரும் தூரம்! 2024 செப்டம்பரில் வாஷிங்டன் அவ்வளவு தூரம் பறந்துபோய் ஆடியது. 18–21 என்று தோற்றுத் திரும்பியது!

இந்த ரட்கர்ஸ் லேசுப்பட்ட ஆள் இல்லை. வரலாற்றின் முதல் கல்லூரி ஃபுட்பால் ஆட்டமே அவர்களுடையதுதான். 1869 நவம்பர் 6, பிரின்ஸ்டனுக்கு எதிராக, பக்கத்துக்கு 25 பேர். வென்றது ரட்கர்ஸ், 6–4!

2023 ஆகஸ்ட் 4. காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். பேக் 12 கான்ஃபரன்ஸை விட்டு வெளியேறுவதாக அந்த ஒரே நாளில் அறிவித்த கல்லூரிகள்: ஆரிகன், வாஷிங்டன், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா. ஐந்து!

யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் 2022இலேயே போகிறோம் என்று சொல்லியாயிற்று. கொலராடோவும் கிளம்பிவிட்டது. கடைசியில் ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி. 1915இல் வேர்விட்ட குடும்பத்தில் மிஞ்சியவர்கள் ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். பேக் 12இல் பாக்கி 2!

அந்த இருவரும் சும்மா இருந்தார்களா? கோர்ட்டுக்குப் போய், கான்ஃபரன்ஸின் கஜானா சாவியையே கைப்பற்றினார்கள்! கல்யாண வீட்டில் கடைசிவரை உட்கார்ந்திருந்தவருக்குப் பந்தலோடு பாத்திரமும் கிடைத்த மாதிரி!

ஆட ஆள் வேண்டுமே? 2025இல் இருவரும் ஒருவரோடு ஒருவரே ஆடினார்கள். நவம்பர் 1 ஒருமுறை. நவம்பர் 29 இன்னொரு முறை. ஒரே மாதத்தில் இரண்டு தடவை!

2026க்குப் புது ஆட்களைச் சேர்த்தார்கள். அதில் கொன்சாகா பல்கலைக்கழகமும் உண்டு. கூடைப்பந்தில் புலி. ஃபுட்பால் அணியோ... கிடையவே கிடையாது!

பெர்க்லியைத் தனியே விட்டுவிட்டு யுசிஎல்ஏ மட்டும் பணக்கார பிக் டென்னுக்குப் போனதல்லவா? இரண்டும் ஒரே கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்கள். தாய் நிர்வாகம் தீர்ப்பு சொன்னது: போனவர் விடப்பட்டவருக்கு வருஷத்துக்கு 1 கோடி டாலர் கொடுக்க வேண்டும். ஜீவனாம்சமேதான்!

டல்லாஸ் நகரத்து எஸ்எம்யு செய்த காரியம் தெரியுமா? "எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒன்பது வருஷத்துக்குக் கான்ஃபரன்ஸின் டிவி பணமே வேண்டாம்" என்று சொல்லி அட்லாண்டிக் கோஸ்ட்டில் நுழைந்தது! அப்புறம் செலவுக்கு? பழைய மாணவர்களும் கொடையாளர்களும் பையைத் திறந்தார்கள். ஒரே வாரத்தில் 10 கோடி டாலர்! முதல் வருஷமே கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் எட்டிலும் வெற்றி வேறு!

டிசியு என்றொரு டெக்சாஸ் கல்லூரி. 2010இல் பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸில் சேரச் சம்மதித்தது. 2011இல் மனசு மாறி பிக் 12க்குத் தாவியது. விலகியதற்கு அபராதம் 50 லட்சம் டாலர். பிக் ஈஸ்ட்டில் அது ஆடிய ஆட்டங்கள்? ஒன்றுகூட இல்லை!

டெக்சாஸும் ஒக்லஹோமாவும் 2024இல் பிக் 12ஐ விட்டு எஸ்இசி என்ற கான்ஃபரன்ஸுக்குப் போயின. ஒப்பந்தம் முடிய ஒரே ஒரு வருஷம் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. அந்த ஒரு வருஷத்தின் விலை, இருவருக்கும் சேர்த்து 10 கோடி டாலர்!

ஏன் இந்த ஓட்டம் என்கிறீர்களா? இந்த எண்ணைப் பாருங்கள். எஸ்இசியின் வாராந்தர முக்கிய ஆட்டத்தை ஒளிபரப்ப சிபிஎஸ் டிவி கொடுத்துவந்தது வருஷத்துக்குச் சுமார் 5.5 கோடி டாலர். 2024 முதல் அந்த உரிமையை வாங்கிய இஎஸ்பிஎன் கொடுப்பது சுமார் 30 கோடி!

பிக் டென்னோ ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றையும் ஒரே வரிசையில் நிற்கவைத்துக் கையெழுத்து வாங்கியது. ஏழு வருஷம். 700 கோடி டாலருக்கும் மேல்!

டெக்சாஸ் பல்கலைக்கு மட்டும் தனியாக ஒரு டிவி சேனலே இருந்தது! லாங்ஹார்ன் நெட்வொர்க். 2011இல் தொடக்கம், 20 வருஷம், 30 கோடி டாலர். பக்கத்து டெக்சாஸ் ஏ அண்ட் எம்முக்குப் பொறுக்குமா? மறு வருஷமே கான்ஃபரன்ஸை விட்டு வெளியேறியது. ஜென்ம விரோதிகளான இந்த இருவரும் அப்புறம் 13 வருஷம் ஆடவே இல்லை! மறுபடி மோதியது 2024 நவம்பர் 30. அந்த வருஷமே லாங்ஹார்ன் சேனலும் மூடப்பட்டுவிட்டது!

டிவியில் முதல் கல்லூரி ஃபுட்பால் ஆட்டம் எப்போது? 1939 செப்டம்பர் 30, நியூயார்க். ஃபோர்டம் 34, வேய்ன்ஸ்பர்க் 7. பார்க்க ஊரில் இருந்த டிவி பெட்டிகளே சில நூறுதான்!

1951இல் பென்சில்வேனியா பல்கலை தன் ஆட்டங்களை ஏபிசிக்கு விற்றது. கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏ கொதித்துப்போனது. நல்ல உறுப்பினர் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிட்டது! குற்றம்? சொந்த ஆட்டத்தை டிவியில் காட்ட நினைத்தது!

1980களின் தொடக்கத்தில்கூட ஓர் அணி எத்தனை முறை டிவியில் வரலாம் தெரியுமா? இரண்டு வருஷத்துக்கு அதிகபட்சம் 6 முறை!

இதைத் தேடிப் பிடித்தபோது எனக்கே சிரிப்பு தாங்கவில்லை. 1981இல் ஒரு சனிக்கிழமை. முதலிடம், இரண்டாமிடத்தில் இருந்த யுஎஸ்சியும் ஒக்லஹோமாவும் மோதின. 200க்கும் மேற்பட்ட நிலையங்கள் ஒளிபரப்பின. அதே நாளில் சிட்டடெல், அப்பலாச்சியன் ஸ்டேட் ஆட்டமும் டிவியில் வந்தது. அதைக் காட்டியவை வெறும் 4 நிலையங்கள். நான்கு அணிகளுக்கும் கிடைத்த பணம்? பைசா குறையாமல் சமம்!

ஒக்லஹோமா கோர்ட்டுக்குப் போகாமல் இருக்குமா? 1984இல் உச்ச நீதிமன்றம் 7–2 என்று தீர்ப்பளித்து என்சிஏஏவின் பிடியை உடைத்தது. இங்கேதான் சுவாரஸ்யம். எதிர்ப்புத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பைரன் ஒயிட் யார் தெரியுமா? கொலராடோ கல்லூரியின் ஃபுட்பால் நட்சத்திரம்! தொழில்முறை லீகில் பந்தோடு அதிக தூரம் ஓடியவர் என்று 1938, 1940 இரண்டு வருஷமும் பெயர் எடுத்தவர்! ஒன்பது நீதிபதிகளில் மைதானத்தில் ஹெல்மெட் மாட்டி நட்சத்திரமானவர் அவர்தான். அவர் ஓட்டோ மற்றப் பக்கம்!

இனி ரசிகர் பாடு.

2007 செப்டம்பர் 1. அதே அப்பலாச்சியன் ஸ்டேட்! நாட்டிலேயே ஐந்தாம் இடத்தில் இருந்த மிஷிகன், 4 லட்சம் டாலர் கொடுத்து இந்தச் சின்னக் கல்லூரியை ஆட அழைத்தது. சுலபமாக ஜெயிக்கத்தான் காசு! வந்தவர்கள் காசையும் வாங்கிக்கொண்டு 34–32 என்று ஜெயித்தும் போய்விட்டார்கள்! மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல். வீட்டில்? ஆட்டம் வந்தது பிக் டென் நெட்வொர்க்கில். அந்தச் சேனல் பிறந்தே இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நாட்டின் மிகப் பெரிய கேபிள் நிறுவனத்தின் வரிசையில் அது இல்லவே இல்லை!

பாடம் கற்றார்களா? 2024இல் நோட்ர டேம், நார்தர்ன் இல்லினாயை அழைத்துக் கொடுத்தது 14 லட்சம் டாலர். முடிவு 14–16. தோல்வி!

பேக் 12 தனக்கென்று சொந்த டிவி நெட்வொர்க் நடத்தியது. 2012இல் தொடங்கி 2024இல் மூடியது. அத்தனை வருஷத்தில் டைரெக்டிவி என்ற சாட்டிலைட் டிவி சேவையின் வாடிக்கையாளர் ஒருவர் வீட்டிலாவது அது தெரிந்ததா? ஒரு நாள்கூட இல்லை!

2023 ஆகஸ்ட் 31 இரவு. ஃப்ளோரிடா, யூட்டா ஆட்டம். சோபாவில் சாய்ந்தாயிற்று, சிப்ஸும் பிரித்தாயிற்று. பொட்! ஸ்பெக்ட்ரம் கேபிளில் இஎஸ்பிஎன் காலி! இஎஸ்பிஎன்னின் முதலாளி டிஸ்னிக்கும் ஸ்பெக்ட்ரமின் முதலாளி சார்ட்டருக்கும் பணத் தகராறு. இருட்டில் உட்கார்ந்த சந்தாதாரர்கள் சுமார் 1.47 கோடி!

2024 செப்டம்பர் 1. எல்எஸ்யு, யுஎஸ்சி மோதிய மாலை. இந்த முறை டிஸ்னியும் டைரெக்டிவியும். ஒரு கோடிக்கும் மேற்பட்டோருக்கு 13 நாள் இருட்டு!

2025 அக்டோபர் 30. டிஸ்னி, யூடியூப் டிவி! திரும்பி வந்தது நவம்பர் 14. மாதத்தைக் கவனித்தீர்களா? மூன்று வருஷமும் ஃபுட்பால் சீசனில்தான். மே மாதத்தில் சண்டை போட்டால் யார் கவலைப்படப் போகிறார்கள்!

டிக்கெட் வாங்கியாயிற்று, ஓட்டல் அறையும் போட்டாயிற்று. ஆட்டம் எத்தனை மணிக்கு? தெரியாது! டிவிக்காரர்கள் நல்ல ஆட்டத்தைப் பொறுக்கி எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். வழக்கமாக 12 நாளுக்கு முன் சொல்வார்கள். சில வாரம் வெறும் 6 நாள்தான்!

ஆனால் சில ஆட்டங்களில் யாரோடு யார் ஆடுவது என்பது மட்டும் பத்து வருஷத்துக்கு முன்பே முடிவாகிவிடும். 2030களின் ஆட்டங்களுக்கு இப்போதே கையெழுத்து ஆயிற்று. அதில் ஆடப்போகிற சில பையன்கள் இன்னும் ஆரம்பப் பள்ளியில்!

இதற்கு நேர் எதிராக ஒன்று, கேளுங்கள். 2020 டிசம்பர். கோஸ்டல் கரோலினாவோடு ஆட வேண்டிய லிபர்ட்டி அணியில் கோவிட். வியாழக்கிழமை யூட்டாவின் பிஒய்யு "நாங்கள் வருகிறோம்" என்றது. ஆட்டம் சனிக்கிழமை! ஒப்பந்தம் அறிவிக்கப்படும் முன்பே பிஒய்யுவின் சாமான் லாரி சுமார் 3,500 கி.மீ. பயணத்தைத் தொடங்கியிருந்தது! ஆள் சேர்ந்தார்கள், லாரியும் சேர்ந்தது. இரண்டுமே அதுவரை தோற்காத அணிகள். கடைசி விநாடி. பந்தோடு பாய்ந்த பிஒய்யு வீரர் கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால் மடக்கப்பட்டார். 22–17, கோஸ்டல் வெற்றி! பத்து வருஷம் திட்டமிட்ட எத்தனையோ ஆட்டங்கள் இதன் கால் தூசி பெறாது என்பேன்!

ஹவாய் போய் ஆடும் அணிக்கு ஒரு சலுகை: வழக்கமான 12 ஆட்டத்துக்கு மேல் 13ஆவது ஆட்டமும் ஆடிக்கொள்ளலாம்! அங்கே மாலை 6 மணிக்குத் தொடங்கினால் நியூயார்க்கில் நள்ளிரவு 12. உள்ளூர் ஹவாய் ரசிகர் நிலை? தங்கள் அணியின் சொந்த மண் ஆட்டத்தை டிவியில் பார்க்கப் பல வருஷம் தனிக் காசு கட்டினார்கள்!

அதே ஹவாயும் சிகாகோ பக்கத்து நார்தர்ன் இல்லினாயும் 2026 முதல் ஃபுட்பாலில் ஒரே கான்ஃபரன்ஸ். நடுவே சுமார் 6,800 கி.மீ!

ராணுவ அணியும் கடற்படை அணியும் 2024 முதல் ஒரே கான்ஃபரன்ஸில். ஆனால் அவர்களின் புகழ்பெற்ற டிசம்பர் மோதல் கான்ஃபரன்ஸ் கணக்கில் வராது! இருவரும் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டால் இரண்டு வாரத்தில் இரண்டு தடவை மோத வேண்டியிருக்கும்!

ஃப்ளோரிடா ஸ்டேட், தன் சொந்த கான்ஃபரன்ஸ் மீதே வழக்குப் போட்டது. 2025இல் சமரசம். புது ஏற்பாடு என்ன? டிவி பணத்தில் 60 சதவீதம், யார் ஆட்டத்தை அதிகம் பேர் பார்த்தார்களோ அவர்களுக்கு!

பிக் டென்னின் ஸ்தாபக உறுப்பினர் சிகாகோ பல்கலைக்கழகம். சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரருக்கான முதல் ஹைஸ்மன் கோப்பை, 1935, அதன் வீரர் ஜே பெர்வாங்கருக்கே. 1939இல் ஃபுட்பாலையே தூக்கிப் போட்டுவிட்டார்கள். காலியான ஸ்டாக் மைதானத்தின் பார்வையாளர் மாடத்துக்குக் கீழே 1942 டிசம்பர் 2 அன்று என்ன நடந்தது தெரியுமா? என்ரிக்கோ ஃபெர்மி குழுவின் அணு உலை. மனிதன் உண்டாக்கிய முதல் அணுத் தொடர்வினை!

கடைசியாக ஒரு குட்டிக் கல்லூரி. டென்னசியின் சிவானி. 1899இல் ரயிலேறி சுமார் 4,000 கி.மீ. சுற்றி, ஆறே நாளில் ஐந்து ஆட்டம் ஆடியது. எதிரணிகள்: டெக்சாஸ், டெக்சாஸ் ஏ அண்ட் எம், டுலேன், எல்எஸ்யு, மிசிசிபி. ஐந்திலும் வெற்றி. எதிரணிகள் ஐந்தும் சேர்ந்து எடுத்த புள்ளி, ஒன்றுகூட இல்லை!

அந்தச் சிவானி பிற்பாடு எஸ்இசியின் ஸ்தாபக உறுப்பினர் ஆனது. 1940இல் விலகும்வரை ஆடிய கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் 37. தோல்வி 37!