இருட்டில் 'காணாமல்' போகும் டூவீலர்கள்: ஷிப்ட் முடிந்து வீடு திரும்புவோர் உஷார்!

திருப்பூர்:

பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் முடியும் நேரம் இரவு 8.30 மணி. அந்த நேரத்தில் பல்லடம் ரோடு, தாராபுரம் ரோடு, காங்கயம் ரோடு, ஊத்துக்குளி ரோடு, அவினாசி ரோடு என எந்த ரோட்டில் பார்த்தாலும் டூவீலர்கள் சாரை சாரையாக போகும். டவுனை தாண்டும் வரை கடை வெளிச்சம், தெருவிளக்கு வெளிச்சம் இருக்கும். அதை தாண்டினால் பல இடங்களில் கும்மிருட்டு. கருப்பு சட்டை, கருநீல பேண்ட், கருப்பு ஹெல்மெட், முதுகில் கருப்பு பேக் என்று போகிறவர்கள் இருட்டோடு இருட்டாக கலந்து விடுகிறார்கள்.

பின்னால் வரும் கார், லாரி, பஸ் டிரைவர்களுக்கு முன்னால் ஒரு வண்டி போவதே கிட்டத்தில் வந்த பிறகுதான் தெரிகிறது. விபத்து நடந்த இடத்தில் "ஆள் இருந்ததே தெரியலைங்க" என்று டிரைவர்கள் சொல்வது வழக்கம். சில நேரம் அது சாக்கு. ஆனால் பல நேரம் அதுதான் உண்மை.

ஹெல்மெட் போடச் சொல்லி போலீசார் பல வருடமாக மல்லுக்கட்டி வருகிறார்கள். அது அவசியம்தான். ஆனால் ஹெல்மெட் வேலை செய்வது கீழே விழுந்த பிறகு. அடிபடாமலே வீடு போய்ச் சேர வேண்டும் என்றால், அடுத்த வண்டிக்காரன் கண்ணில் முதலில் பட வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு சினிமா டிக்கெட் அளவுதான்.

மாலை 6 முதல் 9 வரை ஆபத்து!

மத்திய சாலை போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர் பலியானார்கள். இதில் டூவீலரில் சென்றவர்கள் மட்டும் 44.5 சதவீதம். அதாவது செத்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் டூவீலர்காரர்கள். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதல் இடம் பிடித்தது தமிழ்நாடு. நடந்த விபத்துகள் 64 ஆயிரத்து 105.

எந்த நேரத்தில் விபத்து அதிகம் என்றும் அந்த அறிக்கையில் கணக்கு உள்ளது. மாலை 6 மணி முதல் இரவு 9 மணி வரைதான் முதல் இடம். ஒரு நாளின் மொத்த விபத்துகளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இந்த 3 மணி நேரத்தில் நடக்கிறது. வேலை முடிந்து ஜனம் வீடு திரும்பும் அதே நேரம்!

இதற்கு இருட்டு மட்டும் காரணம் அல்ல. கூட்டம், அவசரம், அசதி, குடிபோதை எல்லாம் சேருகிறது. ஆனால் இருட்டில் தெரியாமல் போவதை மட்டும் டூவீலர்காரரே சரி செய்து கொள்ள முடியும்.

'எனக்கு அவர் தெரிகிறாரே?'

இருட்டில் வண்டி ஓட்டுபவர்கள் செய்யும் பெரிய தப்புக்கணக்கு ஒன்று உண்டு. தூரத்தில் வரும் லாரியின் ஹெட்லைட் டூவீலர்காரருக்கு அரை கிலோமீட்டருக்கு முன்பே தெரிகிறது. "எனக்கு அவர் நல்லா தெரியுறாரு, அப்ப அவருக்கும் நான் தெரிவேன்" என்று மனசு நம்பி விடுகிறது. அது அப்படி இல்லை.

லாரியில் இருப்பது விளக்கு. அது தானாக எரிகிறது. கருப்பு சட்டை தானாக எரியாது. லாரி வெளிச்சம் வந்து சட்டை மேல் பட்டு, திரும்பி டிரைவர் கண்ணுக்கு போனால்தான் ஆள் தெரியும். கருப்பு துணி வெளிச்சத்தை அப்படியே குடித்து விடும். திருப்பி அனுப்புவது கொஞ்சம்தான். அதிலும் எதிரே ஹைபீம் போட்டு ஒரு வண்டி வந்தால் அந்த கொஞ்சமும் டிரைவர் கண்ணுக்கு தெரியாது.

2 விநாடி கணக்கு

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். முன்னால் ஒரு டி.வி.எஸ். 50 மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பின்னால் ஒரு கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. வித்தியாசம் 45 கிலோமீட்டர். அதாவது ஒவ்வொரு விநாடியும் கார் 12.5 மீட்டர் நெருங்கி வருகிறது.

முன்னால் போகிறவர் 30 மீட்டர் தூரத்தில்தான் கண்ணில் பட்டார் என்றால், டிரைவருக்கு கிடைப்பது 2.4 விநாடி. பார்த்து, புரிந்து, காலை பிரேக்குக்கு கொண்டு போகவே ஒன்றரை விநாடி ஓடி விடும். மீதி இருப்பது ஒரு விநாடிக்கும் குறைவு.

அதே ஆள் 150 மீட்டர் தூரத்திலேயே பளிச்சென்று தெரிந்தால் 12 விநாடி கிடைக்கிறது. வேகத்தை குறைக்கலாம், ஹாரன் அடிக்கலாம், சாவகாசமாக ஒதுங்கிப் போகலாம். உயிருக்கும் சாவுக்கும் நடுவே இருப்பது அந்த சில விநாடிகள்தான்.

பகலுக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று

ரோடு வேலை பார்ப்பவர்களும், டிராபிக் போலீசாரும் போட்டிருக்கும் பளபள ஜாக்கெட்டை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதில் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. கண்ணை பறிக்கும் எலுமிச்சை மஞ்சள் அல்லது ஆரஞ்சு துணி ஒன்று. சாம்பல் நிற பட்டை இன்னொன்று. இரண்டும் வேறு வேறு வேலை செய்பவை.

மஞ்சள், ஆரஞ்சு துணி புளோரசன்ட் வகை. சூரிய வெளிச்சத்தில் கண்ணுக்கு தெரியாத புற ஊதா கதிர் உண்டு. அதை உறிஞ்சி, கண்ணுக்கு தெரியும் வெளிச்சமாக மாற்றி வெளியே விடும். அதனால்தான் சாதாரண மஞ்சளை விட இது பளிச்சென்று இருக்கிறது. பகலிலும், மழை மேகத்திலும், பொழுது சாயும் நேரத்திலும் நன்றாக வேலை செய்யும். முழு இருட்டில் இதற்கு மவுசு கிடையாது. வெறும் வெளிர் நிற துணி, அவ்வளவுதான்.

சாம்பல் பட்டையின் ஆட்டம் ராத்திரியில்தான். அதில் பொடிப்பொடியான கண்ணாடி மணிகள் பதிக்கப்பட்டு இருக்கும். வெளிச்சம் எந்த பக்கம் இருந்து வந்ததோ அதே பக்கம் திருப்பி அனுப்பும். காரின் ஹெட்லைட் பட்டால் அந்த வெளிச்சம் நேராக கார் டிரைவர் கண்ணுக்கே திரும்பி போகும். நடுரோட்டில் பதித்திருக்கும் பூனைக்கண், ஊர்ப்பெயர் பலகை எல்லாம் இதே தத்துவம்தான். பகலில் இந்த பட்டையால் பெரிய லாபம் இல்லை.

ஆக, ஒன்று மட்டும் இருந்தால் பாதி வேலைதான். இரண்டும் சேர்ந்த ஜாக்கெட் வாங்குவதே நல்லது. ஹார்டுவேர் கடைகளில் சாதாரண ஜாக்கெட் 100 ரூபாய் சுமாருக்கே கிடைக்கிறது. சட்டைக்கு மேலே மாட்டிக் கொள்ளலாம். காற்றோட்டமான வலை துணியில் வாங்கினால் வெயிலுக்கும் புழுக்கம் இருக்காது.

நியூசிலாந்து ஆய்வில் தெரிந்தது

நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்து பகுதியில் விபத்தில் சிக்கிய மோட்டார் சைக்கிள்காரர்களையும், விபத்தில் சிக்காதவர்களையும் ஒப்பிட்டு ஆய்வு நடத்தினார்கள். அதன் முடிவு 2004-ம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. ஒளிரும் உடையோ, ரிப்ளெக்டர் உடையோ அணிந்தவர்களுக்கு படுகாய விபத்து ஆபத்து 37 சதவீதம் குறைவாக இருந்தது. கருப்பு ஹெல்மெட் போட்டவர்களை விட வெள்ளை ஹெல்மெட் போட்டவர்களுக்கு ஆபத்து 24 சதவீதம் குறைவு. பகலிலும் ஹெட்லைட் எரிய விட்டவர்களுக்கு 27 சதவீதம் குறைவு.

இந்த மாதிரி ஜாக்கெட் போடுகிறவர்கள் பொதுவாகவே நிதானமாக ஓட்டுபவர்களாக இருக்கலாம். எனவே பெருமை முழுவதும் ஜாக்கெட்டுக்கே சேரும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கண்ணில் படுகிறவன் தப்பிக்கிறான் என்பதே அதன் சாரம்.

பிரான்ஸ் நாட்டில் 2016 ஜனவரி 1 முதல் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள் ஒளிரும் ஜாக்கெட்டை கையோடு வைத்திருக்க வேண்டும். வழியில் வண்டி பழுதாகி நின்றால் போட்டுக் கொள்ள வேண்டும் என்பது சட்டம். நம் நாட்டு மோட்டார் வாகன சட்டத்தில் ஹெல்மெட்தான் கட்டாயம். ஜாக்கெட்டுக்கு கட்டாயம் இல்லை. போலீஸ் பிடிக்காது என்பதால் யாரும் கண்டு கொள்வதில்லை.

எங்கே ஒட்டுவது?

ஜாக்கெட் போட கூச்சமாக இருக்கிறது என்பவர்களுக்கு ரிப்ளெக்டர் ஸ்டிக்கர் இருக்கிறது. 'ரேடியம்' ஸ்டிக்கர் என்று கடைகளில் கேட்டால் கொடுப்பார்கள். பெயர்தான் ரேடியமே தவிர அதில் ரேடியம் கிடையாது. ஆனால் பெயர் எழுத வெட்டி ஒட்டும் ஸ்டிக்கர் எல்லாம் வெளிச்சத்தை திருப்பி அடிக்காது. வாங்கும் முன் ஒரு சின்ன டெஸ்ட் செய்ய வேண்டும். செல்போன் டார்ச்சை கண்ணுக்கு பக்கத்தில் பிடித்து, நாலு அடி தள்ளி வைத்து ஸ்டிக்கரை பார்க்க வேண்டும். பளீரென்று மின்னினால் சரக்கு நல்ல சரக்கு.

* ஹெல்மெட்டின் பின்பக்கமும், இரண்டு பக்கவாட்டிலும் ஒட்டலாம். மற்ற வண்டிகளுக்கு நடுவே போனாலும் தலை உயரத்தில் தெரியும்.

* முதுகில் பேக் மாட்டினால் ஜாக்கெட் பட்டை மறைந்து விடும். எனவே பேக்கின் பின்புறமும் ஒரு பட்டை வேண்டும். ரெயின்கோட் போட்டாலும் இதே கதைதான். மழையில்தான் டிரைவர்களுக்கு கண் தெரியாது என்பதை மறக்கக் கூடாது.

* கணுக்கால், கை மணிக்கட்டு போன்ற அசையும் இடங்களில் பட்டை கட்டினால், அது மனுஷன்தான் என்று தூரத்திலேயே புரிந்து விடும். நடந்து போகிறவர்களுக்கும், சைக்கிளில் போகிறவர்களுக்கும் இது ரொம்ப உதவும்.

* வண்டியில் ஒட்டும்போது முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. முன்னால் சிவப்பு ஒட்டினால் எதிரே வருபவர் குழம்பி விடுவார்.

பின் சீட்டில் யார்?

பலரும் மறக்கும் விஷயம் இது. கணவன் ஜாக்கெட் போட்டு ஓட்டுகிறார், பின்னால் மனைவி அரக்கு கலர் சேலையில் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் வரும் லாரி டிரைவருக்கு தெரிவது மனைவியின் முதுகு மட்டுமே. கணவரின் ஜாக்கெட் அங்கே பிரயோஜனம் இல்லை. எனவே பின் சீட்டில் இருப்பவருக்குதான் முதலில் ஜாக்கெட் வேண்டும். பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம் என்பதால், அந்த ஹெல்மெட்டில் ஒரு ஸ்டிக்கராவது ஒட்ட வேண்டும்.

டெயில் லைட் எரிகிறதா?

ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முன்பே பார்க்க வேண்டியது வண்டியின் விளக்குகள். 2017 ஏப்ரல் 1-க்கு பிறகு தயாரான டூவீலர்களில் என்ஜின் ஓடினாலே ஹெட்லைட் எரியும்படி வைத்து விட்டார்கள். மலேசியாவில் 1992-ல் பகலிலும் மோட்டார் சைக்கிள் விளக்கை எரிய விடும் திட்டம் வந்த பிறகு, கண்ணில் படாததால் நடக்கும் மோதல்கள் குறைந்ததாக ஆய்வில் தெரிந்தது. அதற்கு முந்தைய பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பொழுது சாயும்போதே சுவிட்சை போட்டு விட வேண்டும்.

ஹெட்லைட் போனால் உடனே தெரிந்து விடும். டெயில் லைட் போனால் ஓட்டுபவருக்கு தெரியவே தெரியாது. மாதக்கணக்கில் அப்படியே ஓட்டுவார். வீட்டு சுவருக்கு பின்பக்கம் காட்டி வண்டியை நிறுத்தி, விளக்கை எரிய விட்டும், பிரேக்கை பிடித்தும் பார்த்தால் சுவரில் சிவப்பு வெளிச்சம் விழும். வாரம் ஒரு முறை பார்க்க ஒரு நிமிஷம் போதும். பின்னால் இருக்கும் சிவப்பு ரிப்ளெக்டர் உடைந்திருந்தாலும் மாற்ற வேண்டும். மட்கார்டில் சேறு பூசி மறைத்திருந்தால் துடைக்க வேண்டும்.

கண்டதையும் நம்பக் கூடாது

ஜாக்கெட் போட்டு விட்டால் எல்லோரும் பார்த்து விடுவார்கள் என்று நினைப்பதும் ஆபத்து. பட்டை மின்ன வேண்டும் என்றால் அதன் மேல் ஹெட்லைட் வெளிச்சம் பட வேண்டும். குறுக்கு சந்தில் இருந்து எட்டிப் பார்க்கும் காரின் வெளிச்சம் நேராகத்தான் போகும், பக்கவாட்டில் வரும் பைக் மேல் படாது. காரின் கண்ணாடி ஓரத்து தூண் ஒரு முழு பைக்கையே மறைத்து விடும். சின்ன வண்டி என்பதால் இன்னும் தூரத்தில் வருகிறது என்று டிரைவர் தப்பாக எடை போடுவதும் உண்டு. சந்திப்பில் வேகத்தை குறைத்து, எதிராளி பார்த்து விட்டாரா என்று உறுதி செய்த பிறகே போக வேண்டும்.

கலரிலும் இடத்துக்கு தகுந்த மாதிரி வித்தியாசம் உண்டு. பச்சை வயலும் மரமும் பின்னணியாக இருக்கும் ரோட்டில் எலுமிச்சை மஞ்சளை விட ஆரஞ்சு எடுப்பாக தெரியும். ஜாக்கெட்டை துவைக்க துவைக்க பட்டை உதிரும், வெயிலில் காய காய கலர் மங்கும். டார்ச் அடித்து பார்த்து மின்னவில்லை என்றால் புதுசு வாங்கி விட வேண்டும்.

தைப்பூசத்துக்கு பழனிக்கு பாதயாத்திரை போகும் பக்தர்களின் பைகளில் போலீசார் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி விடுவதை இந்த பக்கத்து ஜனம் பார்த்திருக்கும். ராத்திரி நடக்கும் பக்தருக்கு அது உயிர் காக்கும் என்றால், தினமும் ராத்திரி 20 கிலோமீட்டர் வண்டி ஓட்டி வீடு போகும் தொழிலாளிக்கும் அது வேண்டும். பக்தர் போவது வருஷத்துக்கு ஒரு முறை. தொழிலாளி போவது வாரத்தில் 6 நாள்.