தாரா இறகைப் பிடுங்குவது ஏன்?

உங்கள் தாரா தன் இறகைத் தானே கொத்திப் பிடுங்கினால், தீரா நோயென்று எண்ணி உடனே அறுத்துவிடாதீர்கள். தாரா வாலடிச் சுரப்பியிலுள்ள எண்ணெயை அலகால் எடுத்து இறகெங்கும் பூசிக்கொள்ளும். குளிக்க நீரில்லாவிடில் இறகில் அழுக்கேறும். தோல் வறண்டு அரிக்கும். பறவை கொத்தத் தொடங்கும். நயினாதீவில் கோடைக்காலத்தில் நன்னீர் அருமையென்பது உண்மையே. ஆயினும், குளம் வேண்டியதில்லை. தலை முழுதும் அமிழத்தக்க ஆழமுள்ள சட்டியில் நாள்தோறும் நன்னீர் வையுங்கள், உவர்நீர் ஆகாது. அழுக்கான நீரைக் கத்தரியின் வேரடியில் ஊற்றினால் அது வீணாகாது, எச்சமும் எருவாகும்.

பெண் தாராவின் பிடரியில் மட்டும் இறகு போயிருப்பின், குற்றம் பெரும்பாலும் ஆண் தாராவினுடையது. ஐந்து பெண்ணுக்கு ஓர் ஆண் போதும். இரத்தம் கசியும் பறவையை உடனே பிரித்து வையுங்கள். மற்றவை அப்புண்ணையே கொத்தும்.