கம்பளி நூலும் குழந்தையின் கையும்

சப்பிரகமுவா மழை மிகுந்த நாடு. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் நூறாண்டுக்கு மேலாக வாழ்ந்து வருகின்றன. அம்மக்களோடு கடல் கடந்து வந்த பொருள்களுள் கம்பளியும் ஒன்று. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு மழையிலும் குளிரிலும் அதுவே போர்வை. தோட்டத்துரைமார் தம் ஆங்கிலக் கணக்குகளிலும் அதற்குத் தமிழ்ப் பெயரையே வழங்கினர். அதன் விலை தொழிலாளியின் பற்றில் எழுதப்பட்டுச் சம்பளத்திற் கழிக்கப்பட்டதும் உண்டு.

எனினும், அப்போர்வை உருவாகும் வகையைத் தோட்டத்துக் குழந்தைகள் கண்டறியார். யாழ்ப்பாணத்துச் செம்மறி நூற்பதற்கேற்ற கம்பளி தருவதன்று. தமிழகத்திலோ திருச்சிக் கருப்பு முதலிய ஆடுகள் முரட்டுக் கம்பளி தருகின்றன. குறும்பர் அதனை நூற்று நெய்து வந்தனர். இன்று மழைக்குப் பெரும்பாலும் பிளாத்திக்குத் தாளே உதவுகின்றது. மூலையிற் கிடக்கும் பழங்கம்பளியை எறிந்துவிடுமுன், அதனைக் கொண்டே குழந்தைக்கு நூற்கக் கற்பிக்கலாம்.

முதலில் அது மெய்யான கம்பளிதானா என்பதைப் பெரியவர் ஒருவர் சோதித்தறிதல் வேண்டும். ஓர் இழையைக் கொளுத்தினால் மயிர் கருகும் நாற்றம் எழும். செயற்கை இழையாயின் உருகிக் கட்டியாகும்.

கிழிந்த துண்டை இழை இழையாகப் பிரித்து, விரலாற் கோதிப் பஞ்சுபோல் ஆக்குக. மிகக் குட்டையானவற்றைக் கழித்துவிடுக. பின்னர் அதனோடு சம அளவு பருத்திப் பஞ்சைக் கலக்க வேண்டும். தலையணைக்குள் இருக்கும் இலவம்பஞ்சு உதவாது. அது வழுவழுப்பானது, முறுக்கில் நில்லாது. கம்பளி இழையின் மேற்புறத்தில் நுண்ணிய செதில்கள் உண்டு; அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். இரண்டும் ஒரே நிறமாகும்வரை பிரித்துப் பிரித்துச் சேர்த்தலே கலப்பின் இரகசியம். கலப்புச் சீராக இல்லாத இடத்தில் நூல் அறும்.

தக்களியையும் வீட்டிலேயே செய்யலாம். ஒரு சாண் நீள மூங்கிற் குச்சியில் வட்டமாக நறுக்கிய சிரட்டைத் துண்டைக் கோத்தால் போதும். 1937ஆம் ஆண்டில் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டத்திலும் சிறுவர் கையில் தக்களிக்கு இடமிருந்தது.

குச்சியிற் கட்டிய நூல்முனையோடு பஞ்சைச் சேர்த்துத் தாய் மெல்ல இழுக்க, குழந்தை தக்களியை எப்போதும் வலப்புறமாகவே சுழற்றட்டும். தனித்தனியே வலுவற்ற இழைகள் முறுக்கு ஏறியதும் நூலாகின்றன. முறுக்குக் குறைந்தால் நூல் பிரியும். மிகுந்தால் சுருண்டு முடிச்சிடும். இவ்வளவைச் சொல்லால் உணர்த்த இயலாது. விரல்தான் அறிய வேண்டும். இவ்வாறு நூற்ற இரண்டு நூல்களைச் சேர்த்து இடப்புறமாக முறுக்கினால் இருபுரி நூல் கிடைக்கும். எதிர் முறுக்குகள் ஒன்றையொன்று தடுத்து நிறுத்துவதால் அது நிலைத்து நிற்கும்.

ஒரு மாலைப்பொழுதிற் சில முழமே தேறும். அச்சில முழத்தால், ஒரு முழுக் கம்பளிக்குள் எத்தனை பேருடைய உழைப்பு அடங்கியுள்ளது என்பதைக் குழந்தை கணக்கிட்டுக்கொள்ளும். தாயின் கூலியிற் கழிந்த பணம் எதற்காகக் கழிந்தது என்பதும் அதற்கு விளங்கும். நூற்ற நூலும் வீணாவதில்லை. எஞ்சிய கம்பளியின் பிய்ந்த ஓரத்தை அதனாலேயே தைத்துவிடலாம்.