புற்றுநோயைத் தொடாத மருந்து

டிரிப்ஸ் ஏற அரை மணி நேரம்தான் ஆகிறது. பைக்குள் கலந்திருக்கும் மருந்து 200 மில்லிகிராம். காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரையில் பாதிகூட இல்லை. பெயர் பெம்ப்ரோலிசுமாப். கொடுப்பது புற்றுநோய்க்கு. ஆனால் இதன் மூலக்கூறு ஒன்றுகூடப் புற்றுநோய்ச் செல்லைத் தாக்குவதில்லை. தாக்குவது இருக்கட்டும், தொடுவதுகூட இல்லை. கீமோதெரபி செல்லைக் கொல்லும். கதிர்வீச்சு அதன் டிஎன்ஏவைச் சிதைக்கும். இந்த மருந்தோ நோயாளியின் சொந்த நோயெதிர்ப்புச் செல்களைத் தேடிப் போகிறது. அதனால்தான் இதற்கு இம்யூனோதெரபி, அதாவது நோயெதிர்ப்புச் சிகிச்சை என்று பெயர். சிகிச்சை தொடங்குமுன் நோயாளி தெரிந்துகொள்ள வேண்டியவை ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு விநோதத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

நம் உடலில் சுமார் 40,000 கோடி டி செல்கள் இருக்கின்றன. வெள்ளை அணுக்களில் இவை ஒரு வகை. தலைமுடியின் தடிமனுக்குள் பத்து டி செல்களை வரிசையாக நிறுத்திவிடலாம். பிற செல்களின் மேற்பரப்பைத் தடவிச் சோதிப்பதே இவற்றின் வேலை. சோதிக்க என்ன இருக்கிறது? உடலின் அநேகமாக எல்லாச் செல்களும் தமக்குள் தயாராகும் புரதங்களை நறுக்கி, எட்டு முதல் பத்து அமினோ அமிலங்கள் மட்டுமே நீளமுள்ள துணுக்குகளாக வெளியே நீட்டிக்கொண்டே இருக்கின்றன. பழகிய துணுக்கு என்றால் டி செல் நகர்ந்துவிடும். அந்நியமான துணுக்கு என்றால் அந்தச் செல்லைத் துளைத்துக் கொன்றுவிடும். புற்றுநோய்ச் செல்லின் மரபணுக்கள் மாறிப்போனவை. அது நீட்டும் துணுக்குகளிலும் அந்த மாற்றம் தெரியும். அப்படியானால் அது எப்படித் தப்புகிறது?

டி செல்லில் பிரேக்குகள் இருக்கின்றன. ஒரு கிருமியை ஒழித்த பிறகும் டி செல்கள் அடங்காவிட்டால் நம் உறுப்புகளையே கடித்துக் குதறிவிடும். அதற்காக இயற்கை வைத்த ஏற்பாடு இது. 1992-ல் ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் தசுக்கு ஹோன்ஜோவின் குழு கண்டறிந்த பிடி-1 என்ற புரதம் அப்படிப்பட்ட ஒரு பிரேக். சிடிஎல்ஏ-4 இன்னொன்று. இதைத் தடுத்தால் எலிகளின் கட்டிகள் கரைகின்றன என்று அமெரிக்காவின் பெர்க்லியில் ஜேம்ஸ் ஆலிசனின் குழு 1996-ல் காட்டியது. நம் திசுக்கள் பிடி-எல்1 என்ற புரதத்தை நீட்டி டி செல்லின் பிடி-1 பிரேக்கை அழுத்துகின்றன. புற்றுநோய்ச் செல்லும் அதே புரதத்தை நீட்டக் கற்றுக்கொண்டுவிடுகிறது. பக்கத்தில் வந்த டி செல், குற்றவாளியைப் பார்த்தும் அப்படியே நின்றுவிடுகிறது. பிரேக்கை விடுவிக்கும் வழியைத் திறந்த இருவருக்கும் 2018-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

மருந்து செய்வது இதுதான்: பிடி-1 மீது போய் உட்கார்ந்துகொள்கிறது. பிறகு யாரும் அந்தப் பிரேக்கை மிதிக்க முடியாது. இவ்வகை மருந்துகளை செக்பாயின்ட் இன்ஹிபிட்டர் என்கிறார்கள். தமிழில் தடைநீக்கி எனலாம். 200 மில்லிகிராம் சொற்பமாகத் தோன்றும். கணக்குப் போட்டால் அதில் சுமார் 8,000 கோடி கோடி மூலக்கூறுகள். உடலின் ஒவ்வொரு டி செல்லுக்கும் இருபது லட்சம் வீதம் பங்கு வைக்கலாம்! அதோடு மருந்தில் பாதி உடலைவிட்டு நீங்கவே மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். பாராசிட்டமாலுக்கு இரண்டு மூன்று மணி நேரம் போதும். தினம் ஒரு மாத்திரை என்றில்லாமல் மூன்று வாரத்துக்கு ஒருமுறையோ ஆறு வாரத்துக்கு ஒருமுறையோ ஊசி போதுமென்பது இதனால்தான்.

இது எல்லோருக்கும் பலிக்குமா? இல்லை. அடையாளம் காட்டும் அந்நியத் துணுக்கு வேண்டும், டி செல்கள் கட்டிக்குள் நுழைந்திருக்க வேண்டும். ஆகவே மருத்துவர்கள் கட்டியின் திசுவில் பிடி-எல்1 எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார்கள். டிஎன்ஏவைப் படியெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் வசதி கெட்டிருக்கிறதா என்றும் சோதிக்கிறார்கள். அது கெட்ட கட்டியில் பிழைகள் குவியும். டி செல்களுக்கு அது பளிச்சென்று தெரியும். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையம் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட மலக்குடல் புற்றுநோய் கொண்ட 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற தடைநீக்கியை ஆறு மாதம் கொடுத்தார்கள். 12 பேருக்கும் கட்டி தடயமின்றி மறைந்தது. அறுவையோ கதிர்வீச்சோ கீமோவோ தேவைப்படவில்லை. மலக்குடல் புற்றுநோயாளிகளில் இந்த வகை பத்தில் ஒருவருக்குக்கூட இராது. ஆகவே மருந்தின் பெயரைக் கேட்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி: என் கட்டியில் எந்தச் சோதனை செய்தீர்கள், அது என்ன சொல்கிறது?

அடுத்த வியப்பு நேரம் பற்றியது. டி செல்கள் விழித்து, பெருகி, கட்டியைச் சென்றடைய வாரங்கள் ஆகும். முதல் ஸ்கேனில் கட்டி பெரிதாகத் தெரிவதும் உண்டு. சிலருக்கு அது நோயின் வளர்ச்சியே இல்லை. படையெடுத்து வந்த டி செல்களின் கூட்டத்தால் வந்த வீக்கம். இந்தப் பொய் வளர்ச்சி பத்துப் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே நேரும் என்பதால் அதை நம்பிக் காத்திருக்கவும் முடியாது. நோயாளி தெம்பாக இருந்தால் மருத்துவர் சில வாரம் கழித்து மறு ஸ்கேன் எடுத்து முடிவு செய்வார். மறுபுறம், பலன் தெரிந்தவர்களுக்கு அது நீடிக்கிறது. டி செல்களுக்கு நினைவு உண்டு. மருந்தை நிறுத்திய பிறகும் அவை எதிரியை மறப்பதில்லை. உடலெங்கும் பரவிய மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் வந்தவர்கள் ஒரு காலத்தில் ஓராண்டு தாண்டுவதே அரிது. இரண்டு பிரேக்குகளையும் ஒருசேர விடுவித்த ஒரு பெரிய ஆய்வில் 43 சதவீதம் பேர் பத்தாண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். 2015-ல் மூளைக்கும் பரவிய மெலனோமாவுக்குக் கதிர்வீச்சோடு பெம்ப்ரோலிசுமாப் பெற்ற முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 100 வயது வரை வாழ்ந்தார்.

பிரேக் விடுபட்ட டி செல்லுக்குப் புற்றுநோய் மட்டும்தான் கண்ணில் படும் என்று யார் சொன்னது? இந்தச் சிகிச்சையின் பக்கவிளைவுகள் அங்கிருந்தே வருகின்றன. தோலைத் தாக்கினால் அரிப்பும் தடிப்பும். குடலைத் தாக்கினால் வயிற்றுப்போக்கு. நுரையீரல் என்றால் வறட்டு இருமலும் மூச்சுத்திணறலும். கல்லீரல் என்றால் மஞ்சள் காமாலை. தைராய்டு, பிட்யூட்டரி, அட்ரினல் சுரப்பிகள் பாதித்தால் காரணம் புரியாத அசதி, தலைவலி, தலைசுற்றல். கணையம் என்றால் சில நாட்களிலேயே சர்க்கரை எகிறும். நூற்றில் ஒருவருக்கு இதயத் தசையே அழற்சியடையலாம். அரிதென்றாலும் உயிருக்கு ஆபத்தானது. மேற்சொன்ன மெலனோமா ஆய்வில் கடுமையான பக்கவிளைவு பிடி-1 தடைநீக்கி மட்டும் பெற்றவர்களில் கால்வாசிக்கும் குறைவானவர்களுக்கே வந்தது. இரண்டு மருந்து பெற்றவர்களில் ஏறக்குறைய 60 சதவீதத்தினருக்கு வந்தது. பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் தலைகாட்டும். மருந்தை நிறுத்திப் பல மாதம் கழித்தும் வரலாம்.

வயிற்றுப்போக்கு என்றதும் மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பேசாமல் இருப்பது நம் வழக்கம். இங்கே அது ஆபத்து. கீமோவின் வயிற்றுப்போக்கும் இதுவும் ஒன்றல்ல. இது குடல்மீது நடக்கும் டி செல் தாக்குதல். அடக்க ஸ்டீராய்டு தேவைப்படலாம். சீக்கிரம் சொன்னால் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த ஸ்டீராய்டையும் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சட்டென நிறுத்தக் கூடாது. சுரப்பிகளின் பாதிப்பு மட்டும் பெரும்பாலும் மீளாது. குறைந்துபோன ஹார்மோனை வாழ்நாள் முழுக்க மாத்திரையாகவோ, இன்சுலின் என்றால் ஊசியாகவோ எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதனால்தான் முதல் ஊசிக்கு முன்பே தைராய்டு, கல்லீரல், சர்க்கரை அளவுகளைச் சோதித்துக் குறித்துவைக்கிறார்கள்.

நோயாளி தாமே முன்வந்து சொல்ல வேண்டியவையும் உண்டு. முடக்குவாதம், சோரியாசிஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள் இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களுக்கு உடல் அதை நிராகரிக்கும் அபாயம் அதிகம். வேறு காரணத்துக்காக ஸ்டீராய்டு எடுப்பதும், அண்மையில் ஆன்டிபயாடிக் எடுத்ததும் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். ஆன்டிபயாடிக் ஏன்? குடலில் வாழும் பாக்டீரியாக்களின் கலவைக்கும் இந்த மருந்து பலிப்பதற்கும் தொடர்பு இருப்பதாக 2018-ல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. கருத்தரிப்பும் தள்ளிப்போட வேண்டிய விஷயம். பாதி அப்பாவின் மரபணுக்களோடு வளரும் சிசு, தாயின் டி செல்களுக்கு அந்நியம்தான். நஞ்சுக்கொடி பிடி-எல்1ஐ நீட்டித்தான் அவற்றை அடக்கிவைக்கிறது. புற்றுநோய் திருடிய உத்தி, கருவறையில் உயிர் காக்கும் உத்தி!

செலவு பலருக்கு எட்டாத உயரம். இங்கே ஓர் இந்தியக் கேள்வி பிறந்தது: டி செல்லுக்கு இருபது லட்சம் மூலக்கூறு எதற்கு? நிவோலுமாப் என்ற தடைநீக்கி, குறைந்த அளவிலேயே பெரும்பாலான பிடி-1களை மூடிவிடுவது முன்பே தெரிந்திருந்தது. வழக்கமாக மூன்று வாரத்துக்கு 360 மில்லிகிராம். மும்பையின் டாடா மெமோரியல் மருத்துவமனையினர் வெறும் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். பதினெட்டில் ஒரு பங்கு! முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய் கொண்ட 151 பேரிடம் நடந்த ஆய்வு அது. புற்றுநோய்க்கான மாத்திரைகள் மட்டும் பெற்றவர்களில் ஓராண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தது 16 சதவீதம். அவற்றோடு இந்தச் சிறு ஊசியும் பெற்றவர்களில் 43 சதவீதம். எல்லாப் புற்றுநோய்க்கும் இது பொருந்தும் என்று இன்னும் நிறுவப்படவில்லை. ஆனால் உங்கள் நோய்க்குக் குறைந்த அளவு சரிவருமா என்று தயங்காமல் கேட்கலாம்.

கூடவே வேறு சில கேள்விகளும்: ஒரு மருந்தா, இரண்டா? எத்தனை மாதம் தொடரும்? முதல் ஸ்கேன் எப்போது? இரவு இரண்டு மணிக்கு மூச்சுத்திணறினால் யாரை அழைப்பது? இந்த மருந்து எடுப்பதைக் குறிக்கும் அட்டை ஒன்றைக் கேட்டு வாங்கிப் பர்ஸில் வைத்திருங்கள். பல் மருத்துவரிடம் போனாலும் காட்டுங்கள். இரவில் அழைப்பதற்கான எண்ணை உங்கள் கைப்பேசியோடு வீட்டிலுள்ள இன்னொருவர் கைப்பேசியிலும் பதிந்துவையுங்கள்.